சமமான எதிரிகள்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், எங்கள் அணியிலேயே குறி தப்பாமல் சுடுகிற ஆள் ஒரே மேட்சில் ஒன்பது முறை செத்தார்.

நாங்கள் நான்கு பேர் அந்தக் கைபேசி விளையாட்டை இரண்டு வருடமாகச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். காலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவோம். ஏழரைக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடுவோம். நால்வருக்கு எதிராக முகம் தெரியாத நால்வர். ஆளில்லாத ஒரு துறைமுகம், துருப்பிடித்த கன்டெய்னர்கள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தைப் பிடித்து வைத்திருக்கிற அணி ஜெயிக்கும். சுடப்பட்டுச் செத்தவர் பத்து வினாடியில் மறுபடி எழுந்து வரலாம். அவர் அன்று ஒன்பது முறை எழுந்து வந்தார்.

"லெப்ட்லேர்ந்தே வர்றானுங்க ஜி," என்றார் என்னிடம். "நான் எங்க நின்னாலும் லெப்ட்லேர்ந்து வர்றானுங்க. ஒருத்தன்கூட எதிர்ல வரல."

குரலில் கோபம் இல்லை. ஏதோ புரியாததைப் பார்த்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். எனக்கு எட்டு மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. சரி பாய், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தி. நகரில் ஒரு குறுக்குச் சந்தில் ஜன்னல் கர்ட்டன் தைத்து மாட்டிக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். நான் மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கிறவன். கிழக்குப் பார்த்த அறை. காலை வெயில் மானிட்டரில் அடித்து வேலை செய்ய முடியாமல், கனமான கர்ட்டன் போடுவதற்காக அவரைக் கூப்பிட்டேன். அளவெடுத்துக்கொண்டிருந்தவர் என் மேஜையில் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த கேமைப் பார்த்துவிட்டு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா ரேங்க் ஜி நீங்க?"

சொன்னேன். மரியாதைக்காகத் தலையாட்டினார். பிறகு தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். என்னைவிட இரண்டு படி மேலே இருந்தார். கர்ட்டன் மாட்டி முடித்த அன்றே சேர்ந்து ஆடினோம்.

மற்ற இருவரும் அந்த ஆட்டத்திலேயே கிடைத்தவர்கள். ஒருவர் அடையாறில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற அம்மா. அவரை மேடம் என்போம். இன்னொருவன் ஊரூர் குப்பத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். எங்களில் வயதில் சிறியவன் அவன்தான், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கடலுக்குப் போன படகுகள் கரைக்கு வந்து சேர்வதற்குள் ஆடி முடித்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் திரையில் ஒரு வரி வரும்: சமமான எதிரிகளைத் தேடுகிறோம். இதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் மெக்கானிக் கேட்டபோது மேடம் விளக்கினார்.

"ஒவ்வொருத்தர் பேருக்குப் பின்னாடியும் ஒரு நம்பர் இருக்கு. ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும். நம்ம நாலு பேர் நம்பரையும் கூட்டி, அதே அளவு வர்ற நாலு பேரைத் தேடிப் பிடிச்சுண்டு வந்து எதிர்ல நிறுத்தறது. யார் ஜெயிப்பான்னு ஆரம்பத்துல அதுக்கே தெரியக் கூடாது. அதான் அதோட நியாயம்."

"அப்ப எவ்ளோ நல்லா ஆடினாலும் பாதி தோத்துக்கினேதான் இருக்கணுமா மேடம்?"

"ஆமா. பாதி தோக்கறேன்னா உன்னை சரியான இடத்துல வச்சிருக்குன்னு அர்த்தம்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உலகத்தில் வேறெங்கும் யாரும் எனக்குச் சமமான ஆளைத் தேடி எதிரில் நிறுத்தியதில்லை.

கார்த்திகை பிறந்தபோது நாங்கள் பத்து மேட்ச் ஆடினால் எட்டில் தோற்றுக்கொண்டிருந்தோம். பாய்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதும் போலக் கன்டெய்னர் மேல் படுத்துக்கொண்டு தூரத்தில் வருபவனைக் குறிபார்ப்பார். வலது பக்கம் தலை தெரிந்தால் அடுத்த நொடி அவன் விழுந்திருப்பான். அந்தக் கை மாறவே இல்லை. ஆனால் எங்கிருந்தோ ஒருவன் நடந்து வந்து, ஓடிக்கூட வராமல் சாவகாசமாக நடந்து வந்து, பக்கத்தில் நின்று அவரைச் சுட்டுவிட்டுப் போவான். மெக்கானிக்தான் முதலில் பொறுமை இழந்தான்.

"பாய், இன்னா பாய். அவன் உன் மூக்காண்ட வந்து நிக்கிறான், நீ எங்கயோ பாத்துக்கினு கீற."

"அவன் சீட்டிங் பண்றான்டா. கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஏதோ போட்டு வச்சிருக்கான்."

"எனக்குத் தெரியுதே."

பின்னணியில் பாயின் மனைவி குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

அன்று மதியம் மேடம் என்னைத் தனியாக அழைத்தார். பாய் பல வருடமாக ஆடுகிறவர் என்பதால் அவர் எண் சீக்கிரம் இறங்காது, ஒருவரை நன்றாகத் தெரியும் என்று நம்பிவிட்டால் அந்த இயந்திரம் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நாளாகும் என்றார்.

"அவர் நம்பரைப் பார்த்துட்டு நாலு புலியைக் கொண்டுவந்து எதிர்ல விடறது. நம்மகிட்ட இப்ப மூணுதான் இருக்கு. நான் கணக்கைத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. கொஞ்ச நாள் அவர் தனியா, முகம் தெரியாத மூணு பேரோட ஆடட்டும். அவருக்கான இடத்துக்கு அதுவே இறக்கி விட்டுடும். அதுதான் அவருக்கும் நல்லது."

அதை பாயிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தி. நகரில் ஒரு மண்டபத்துக்குப் போன வழியில் கடையில் ஏறினேன். பாய் தரையில் ஒரு நீலத் துணியை விரித்து வைத்து அதன் முன்னால் குந்தியிருந்தார். கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுக்குத் தைத்த ஜோடி. திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வலது பக்கத் துணி சரியாக இருந்தது. இடது பக்கத்தின் ஓரம் மடித்துத் தைக்கப்படாமல் நூல் பிரிந்து தொங்கியது.

"இருபது வருஷத்துல ஒருதரம்கூட இப்படி ஆனதில்ல ஜி. முடிச்சிட்டேன்னு நெனச்சுதான் மடிச்சு குடுத்தேன்."

டீ வந்தது. பையன் ஆளுக்கொரு கிளாஸை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் பாதி குடித்த பிறகு பாய், "எனக்கு டீ வைக்காம போயிட்டான் பாருங்க," என்றார். கிளாஸ் அவர் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வந்த வேலையைச் சொன்னேன்.

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். "மேடம் சொன்னாங்களா?"

"எல்லாருமா யோசிச்சோம் பாய்."

"சரி ஜி," என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். உங்கள் ஆட்டம் உங்கள் தரத்துக்குப் பொருந்தவில்லை, எளிய எதிரிகளைப் பெறுவதற்காக வேண்டுமென்றே தோற்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம், ஆகவே பதினான்கு நாட்கள் நீங்கள் ஆட முடியாது. கீழே அவர் எழுதியிருந்தார்: நான் வேணும்னு தோக்கல ஜி.

தடை முடிந்ததும், வேண்டுமென்றே தோற்றவர் என்ற குறிப்போடு பழைய கணக்கில் ஆடப் பிடிக்காமல், வேறு பெயரில் புதிய கணக்கு தொடங்கினார். புதியவர்களின் எண் வேகமாக மேலும் கீழும் போகும். முதல் நாள் ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான் பழக்கதோஷத்தில் தினமும் எடுத்துப் பார்ப்பேன். இறங்குகிற எண் ஓரிடத்தில் நிற்க வேண்டும், மேடம் சொன்னபடி அவருக்குரிய இடத்தில். நிற்கவில்லை. மார்கழி நடுவில் அவர் நேற்று ஆடத் தொடங்கிய சின்னப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தார்.

"பசங்க ஜி. எட்டு வயசு, பத்து வயசு இருக்கும் குரலைக் கேட்டா. 'அங்கிள், வெளிய போங்க அங்கிள், உங்களால தோக்குறோம்'னு சொல்றாங்க." பிறகு சொன்னார்: "அங்கயும் லெப்ட்லேர்ந்துதான் வர்றானுங்க."

பிறகு என்னிடம் ஓர் உதவி கேட்டார். நான் வீடியோவை வெட்டி ஒட்டுகிறவன். ஆட்டத்திலேயே பதிவாகிற ரீப்ளேக்களில் அவர் செத்த இடங்களை அனுப்புகிறார். நான் பெரிய மானிட்டரில் ஒரு வினாடிக்கு முப்பது படம் என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, எதிரிகள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். அதை அந்தக் கம்பெனிக்கு அனுப்பி நியாயம் கேட்கப் போகிறார். சரி என்றேன். முகூர்த்தம் இல்லாத மாதம், கையில் வேலையும் குறைவு.

தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு முற்பகல், கர்ட்டனை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் அனுப்பியவை பன்னிரண்டு. முதலாவதில் பாய் கன்டெய்னர் மேல் இருக்கிறார். திரையின் இடது ஓரத்தில் ஒருவன் வெளியே வருகிறான். ஒளிந்து வரவில்லை. வெட்டவெளியில், நல்ல வெளிச்சத்தில் நடந்து வருகிறான். நான் ஃபிரேம்களை எண்ணினேன். முழுதாக மூன்று வினாடி அவன் திரையில் இருக்கிறான். பாயின் குறி அசையவில்லை. பிறகு அவர் சாகிறார்.

கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டேன். அதிலும் இடது பக்கம், இரண்டரை வினாடி. மூன்றாவதில் எதிரி நின்று, சந்தேகப்பட்டு, ஒருதரம் குதித்தும் பார்க்கிறான். பாய் திரும்பவில்லை. ஐந்தாவதில் வலது பக்கத்திலிருந்து இருவர் வருகிறார்கள். இருவரையும் கண் இமைக்கும் நேரத்தில் வீழ்த்திவிட்டு, இடது பக்கம் நிற்பவன் கையால் சாகிறார். ஏழாவதோடு நிறுத்திவிட்டேன். யாரும் அவரை ஏமாற்றவில்லை. திரையின் இடது பாதி அவருக்கு இல்லவே இல்லை.

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. அவர் மகள் மந்தைவெளியில் யூகேஜி படிக்கிறாள். பன்னிரண்டரைக்கு விடுவார்கள். அவர் தினமும் ஸ்கூட்டரில் போய் அழைத்துக்கொண்டு, குழந்தையை முன்னால் நிற்க வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்.

ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். மறுபடி போட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். ஆட்டோ கிடைத்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள், வண்டிகள் ஒற்றை வரிசையில் ஊர்ந்தன. இடது பக்கம் பஸ், இடது பக்கம் தண்ணி லாரி, இடது பக்கம் சந்திலிருந்து மூக்கை நீட்டுகிற பைக். நம் ஊரில் எல்லாம் இடது பக்கத்திலிருந்துதான் வருகின்றன என்று அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத் தெருவின் முனையில் அவரைக் கண்டேன். குழந்தை ஏறி நின்றுவிட்டாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோவிலிருந்து குதித்து அவர் இடது பக்கமாகப் போய் நின்றேன். ஒரு முழ தூரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தைதான், "அத்தா, வீடியோ மாமா," என்றாள்.

தலையை முழுதாகத் திருப்பியதும் திடுக்கிட்டார். "எப்ப வந்தீங்க ஜி?"

"இறங்குங்க பாய். சாவியைக் குடுங்க."

"இன்னா ஆச்சு?"

ஸ்கூட்டரில் இடது கண்ணாடி இல்லை. குழந்தையின் இடது முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்: "அத்தா நேத்து ஆட்டோல இடிச்சிட்டாரு."

"எங்க இடிச்சேன்மா? அவன் வந்து உரசினான்."

"அவங்க சும்மா நின்னுட்டிருந்தாங்க அத்தா."

நான் அவர் முன்னால் நின்று, என் மூக்கையே பாருங்கள் என்றேன். வலது கையை உயர்த்தி, அவருக்கு இடது பக்கமாக மூன்று விரல்களை நீட்டினேன். "எத்தனை விரல் பாய்?"

"எங்க விரல்?"

கையை மெதுவாக நடுவை நோக்கிக் கொண்டுவந்தேன். கை என் காதைத் தாண்டி மூக்கருகே வந்த பிறகுதான் அவர் முகம் மாறியது. "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் மெல்லிய குரலில். பள்ளி விட்டு வெளியே வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எங்கள் இருபுறமும் ஓடினார்கள். அவர் வலது பக்கம் ஓடியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் டாக்டர் கண்கள் இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் எங்களை நேராகப் பார்க்கவில்லை. தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். மூளையின் பின்புறம், வலது பக்கம், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பாயின் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "எப்பலேர்ந்து இப்படின்னு கேக்குறாங்கண்ணா. எனக்குத் தெரியல. ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியலையே."

என்னிடம் பதில் இருந்தது. அவருடைய பழைய கணக்கின் எண் வாரவாரம் எங்கே இருந்தது என்று ஆட்டத்திலேயே ஒரு கோட்டுப்படம் கிடைக்கும். அதைக் கைபேசியில் எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். இரண்டு வருடம் மேசைபோலச் சமமாக ஓடிய கோடு, புரட்டாசியில் ஒரு வாரம் லேசாகத் தலை குனிந்து, பிறகு நிற்காமல் இறங்கியிருந்தது.

"இது என்ன?" என்றார்.

சொன்னேன். அவர் கைபேசியை வாங்கி, அந்தக் குனிந்த இடத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இதை யாரும் கவனிக்கலையா?"

கவனித்தோம். நாங்கள் நான்கு பேரும் தினமும் அதைத்தான் கவனித்தோம். எங்களுக்கு முன்பே அந்த இயந்திரமும் கவனித்தது. அது கேட்டுக்கொண்டதெல்லாம் அவர் யாருக்குச் சமம் என்ற ஒரே கேள்விதான். பதில் மாற மாற எதிரியை மாற்றியது. மாற்றம் சந்தேகமாகப் பட்டபோது தண்டித்தது. அதன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

மாசியில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் காலையில் மெக்கானிக் ஆஸ்பத்திரி வாசலில் கிரீஸ் கையோடு வந்து நின்றான். "உனக்குக் கண்ணு தெர்லயான்னு கேட்டேண்ணா அவரை. ஒருநாள் அப்படியேதான் கேட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மேடம் உள்ளே வரவில்லை. வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை, ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். போன பாதி திரும்பி வரவில்லை. பாய் இப்போது ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை. தலையை இடது பக்கம் அடிக்கடி திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார். யாரோ கூப்பிட்டது போல.

நான் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். டாக்டர் சீட்டை இணைத்து, அவர் வேண்டுமென்றே தோற்கவில்லை, பழைய கணக்கின் மீது இருக்கிற அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். சில நிமிடங்களிலேயே பதில் வந்தது. உங்கள் முறையீட்டை ஆராய்ந்தோம், எங்கள் முடிவு சரியானதே.

சித்திரையில் அவர் மறுபடி ஆட வேண்டும் என்றார். நால்வரும் சேர்ந்தோம். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது: உங்கள் அணியினருக்கிடையே தர வித்தியாசம் அதிகம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்த பள்ளம் பெரிதாகிவிட்டதால், ரேங்க் ஆட்டத்தில் எங்களை ஒன்றாக ஆட விடவில்லை.

"நாமளும் தோத்துத் தோத்து எறங்கிடலாமா?" என்றான் மெக்கானிக்.

"அது மத்தவங்களுக்குத் துரோகம். கூட ஆடற மூணு பேர் நம்மளால தோப்பாங்க," என்றார் மேடம். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து மேடத்தின் எண்ணைத் தற்செயலாகப் பார்த்தேன். அது செங்குத்தாக விழுந்திருந்தது. உடனே அழைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லை," என்றார். "வேணும்னுதான் தோக்கறேன். தனியா போய் ஆடி, சுவரைப் பார்த்துண்டு நிக்கறேன்." பிறகு அவரே சொன்னார்: "நேத்து கூட ஆடின ஒரு குழந்தை அழுதது. ஆன்ட்டி, ஏன் ஆன்ட்டி சும்மா நிக்கறீங்கன்னு. அதோட விட்டுட்டேன்."

கடைசியில் ரேங்க் இல்லாத ஆட்டத்துக்கு மாறினோம். அங்கே எண் கிடையாது. எதிரில் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் கத்துக்குட்டிகள், ஒருநாள் எங்களைச் சல்லடையாக்குகிறவர்கள். இடது பக்கத்தை மெக்கானிக் பார்த்துக்கொள்கிறான். "பாய், லெப்ட்ல ஒருத்தன்," என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாய் சிரிக்கிறார், சில நாள் ஜெயிக்கவும் செய்கிறோம்.

ஆனால் எண் இல்லாத இடத்தில் கோடும் இல்லை. ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று சொல்ல இப்போது எதுவும் கிடையாது. தினமும் எட்டு மணிக்கு அவர் மனைவியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வரும்: இன்னைக்கு எப்படி ஆடினாருண்ணா? நான் உடனே பதில் போடுவதில்லை. கர்ட்டனை இழுத்துவிட்டு, அன்றைய ரீப்ளேயை மானிட்டரில் போட்டு, அவர் சுடப்பட்ட இடங்களில் ஃபிரேம்களை எண்ணுகிறேன். இடது பக்கம் தெரிந்த கதை. வலது பக்கத்தில் ஒருவன் தெரிந்ததும் அவர் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். சில நாள் எட்டு ஃபிரேம். சில நாள் பத்து. இந்த வாரம் இரண்டு தடவை பதினான்கு வந்தது. தூக்கக் கலக்கமாக இருக்கலாம், நெட் மெதுவாக இருந்திருக்கலாம்.

நன்றாக ஆடினார் என்று எழுதி அனுப்பினேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, ஆடி மாதத்துக்குக் குறித்திருந்த ஸ்கேனை முன்கூட்டியே எடுக்க முடியுமா என்று கேட்டேன். காரணம் என்ன என்று கேட்டார்கள்.